எமில்டா விட்ட ஆறு முழம்

இடது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு பழைய குடைக்கம்பித் துண்டு. வலது கையில் விரல் நீள மூங்கில் ஊசி. அதில் வெள்ளைப் பருத்தி நூல் சுற்றியிருக்கிறது. நூல் கம்பியைச் சுற்றி வருகிறது. மேல்வரிசை வலைக்கண்ணுக்குள் நுழைகிறது. பெருவிரல் அதை அமர்த்திப் பிடிக்க, ஊசி பின்னால் போய் வந்து இறுகுகிறது. ஒரு முடிச்சு. அதன் பக்கத்தில் இன்னொன்று. பஸ் பள்ளத்தில் விழும்போது கைகள் நிற்கின்றன, எழும்பியதும் தொடர்கின்றன. இடது முழங்கைக்குக் கீழே பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்டர் ஓரம் கழன்று கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் போகின்றன, உப்பளம் வருகிறது. கைக்குரியவர் தலை நிமிர்வதில்லை.

"மாமி, இந்த வலையில என்ன மீன் படும்?" என்று கொண்டக்டர் கேட்பான்.

"உன்னைப்போல வாய்க்காரன் எல்லாம் படுவான். மிச்சக் காசத் தா."

இரண்டு வருடம், கிழமைக்கு இரண்டு நாள், எமில்டா இப்படித்தான் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு நாலு மணித்தியாலம் படுத்திருக்க வேண்டும். அந்த நேரம் கையை அசைக்க முடியாது. அதனால் முடிச்செல்லாம் பஸ்ஸில்தான். கடைசி நாலு மாதமாக அவர் பின்னிக்கொண்டிருந்தது, குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்தில் கடற்கரையோரமாக இருக்கும் அவர்களுடைய சின்ன அந்தோனியார் கோயிலின் பீடத்துணிக்கு விளிம்பு. மீன் வலையைப் போலவே கண் கண்ணாக முடிந்து, பிறகு சில கண்களை நூலால் நிரப்பினால் சாணுக்கு ஒரு மீன் தோன்றும். பீடத்தின் முன்பக்கமும் இரண்டு ஓரமும் சேர்த்துப் பதினைந்து முழம். ஒன்பது முழம் முடிந்திருந்தது.

மே மாதம் நடுப்பகுதியில் ஒரு புதன்கிழமை, பின்னேரத் தேத்தண்ணி குடித்துவிட்டு, "கொஞ்சம் சரியுறன், நாலு மணிக்கு எழுப்புங்கோ" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பாயில் படுத்தார். நாலு மணிக்கு எழுப்பப் போன அன்ரனிப்பிள்ளை, அவரை எழுப்ப முடியாது என்பதைக் கண்டார். வயது அறுபத்துமூன்று.

அதற்கு நாலு மாதம் முந்தியே டொக்டர் அன்ரனிப்பிள்ளையையும் மகள் றொசிற்றாவையும் தனியே கூப்பிட்டு, கடைசியில் மூச்செடுக்கச் சிரமப்படுவா, நெஞ்சில் தண்ணி கட்டலாம், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் மனைவியின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டபடிதான் அவர் படுத்தார். அந்தக் கஷ்டம் ஒன்றும் வரவில்லை. முகம் சுருங்கக்கூட இல்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள், "அழுந்தாமல் போய்ச் சேந்திட்டா, குடுத்து வச்சவ" என்றார்கள். அன்ரனிப்பிள்ளைக்கும் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு பாரம் கழன்றதுபோல்தான் இருந்தது. மனைவியை அடக்கம் செய்த அன்றைக்கு அப்படி இருக்கலாமா என்று வெட்கப்பட்டு, அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இத்தாலியில் இருக்கிற மகன் போனில் அடக்கத்தைப் பார்த்து அழுதபோது, அவர்தான் அவனைத் தேற்றினார்.

எமில்டாவின் ஊர் சிலாபத்துக்குக் கிட்ட. தமிழும் சிங்களமும் ஒன்றுபோல வரும். கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். கல்யாணம் முடித்து எண்பத்துநாலில் இந்தக் கரைக்கு வந்தவருக்கு வலைவேலை தெரியாது. முதல் வருடம் புருஷனுக்குப் பக்கத்தில் இருந்து கிழிந்த வலைக்கு நூல் எடுத்துக் கொடுத்தார். அடுத்த வருடம் ஊசியைத் தானே எடுத்துக்கொண்டார். கோயிலில் பீடத்துணி தோய்க்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி கொண்டுவந்து கொடுத்த பழைய விளிம்பு ஒன்று அங்கே இருந்தது. எமில்டா அதைத் திருப்பிப் பார்த்து, கிழிந்த இடத்தில் ஒரு முடிச்சை நகத்தால் அவிழ்த்துப் பார்த்து, அந்தத் துணியோடு வீட்டுக்கு ஓடி வந்தார்.

"இஞ்சேருங்கோ, இது உங்கட முடிச்சு!"

"அதென்ன என்ர முடிச்சு? வலை முடிச்சு."

"அதத்தான் சொல்லுறன். வெள்ளைக்காரியும் உங்களிட்டத்தான் படிச்சிருக்கிறா."

அந்தக் கிழமையே அன்ரனிப்பிள்ளை மூங்கில் சீவி அந்தச் சின்ன ஊசியைச் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் அவ்வளவுதான். எமில்டா நாற்பது வருடத்தில் மூன்று விளிம்பு பின்னினார். அன்ரனிப்பிள்ளை ஒன்றையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பூசைக்குப் போனால் ஆம்பிளைகள் நிற்கிற வாசலடியில் நிற்பார். பிரசங்கம் நீண்டால் கோயில் வேம்படிக்குப் போய்விடுவார்.

கோயில் வேலையில் எமில்டா பொல்லாதவர். பீடத்தில் உதவி செய்யும் பிள்ளைகள் காலில் மண்ணோடு வந்தால் கிணற்றடிக்குத் திருப்பி அனுப்புவார். பூசையில் இரசக் கிண்ணம் துடைத்த துணியை முதல் அலசுகிற தண்ணி புனிதம், அதைக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றக்கூடாது, மண்ணுக்குத்தான் ஊற்றவேண்டும் என்பது கோயில் வழக்கம். மற்றவர்கள் கைபோன இடத்தில் ஊற்றுவார்கள். எமில்டா தன் வீட்டு வேலியோரத்துக் குரோட்டன் செடியடியில் ஓரிடம் குறித்து, சுற்றிக் கல் வைத்து, அங்கேதான் ஊற்றுவார். வேலிக்கு அந்தப்பக்கம் ஹஃபீலாவின் வீடு. ஹஃபீலாவின் கோழி ஒரு நாள் அங்கே கிளறியபோது எமில்டா போட்ட சத்தத்தில் கோழியோடு ஹஃபீலாவும் ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டறிந்தபின் தன் பிள்ளைகளிடம், "அது எமில்டாக்காட தண்ணி ஊத்துற இடம், ஒருத்தரும் மிதிக்கப்படாது" என்று சொல்லி வைத்தாள்.

ஹஃபீலா, மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறில், பதினைந்து வயதில், உம்மாவோடும் ஒரு பையோடும் வந்தவள். ஓலைக் கொட்டில்களில் தண்ணிக்கு அடிபட்ட நாட்களில், "எங்கட கிணத்தில அள்ளு. ஆரும் கேட்டா எமில்டா சொன்னவ எண்டு சொல்லு" என்று வாளியைக் கையில் கொடுத்தவர் எமில்டா. அன்றிலிருந்து வேலியில் ஒரு இடைவெளி உண்டு. அதை அடைக்க இரண்டு வீட்டாரும் நினைக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக இரண்டு பேரும் அந்த இடைவெளியில் நின்று கதைத்தார்கள்.

ஏழாம் நாள் பூசை முடிந்து பெனடிற்றா வந்தார். எமில்டாவோடு இருபது வருடம் பீடத்துணி தோய்த்தவர், இருபது வருடமும் சண்டை பிடித்தவர். கோயில் சாமான் அறைப் பூட்டின் திறப்பை வாங்க வந்தவர், அலுமாரியில் கிடந்த விளிம்பை எடுத்து விரித்து அளந்தார்.

"ஆறு முழம் பாக்கி. திருநாளுக்கு இன்னும் மூண்டு கிழமைதான்."

"அது அப்பிடியே கிடக்கட்டும்" என்றார் அன்ரனிப்பிள்ளை.

"கிடக்கேலாது அண்ணை. இது நேர்த்திக்கடன். எமில்டா என்னட்ட வாயால சொன்னவ. இந்த அந்தோனியார் திருநாளுக்குப் பீடத்தில ஏத்திறதெண்டு நேர்த்தி, வேற ஒருத்தரும் கை வைக்கக்கூடாது எண்டவ."

"என்ன நேர்த்தி?"

"அது சொல்லேல்ல. நான் கேக்கவும் இல்ல. செத்தவவின்ர நேர்த்தி தொங்கக்கூடாது. வீட்டாக்கள்தான் ஏதாவது செய்யோணும். இல்லாட்டி நான் கொழும்பில லேஸ் எடுப்பிக்கிறன், மிச்ச ஆறு முழத்துக்கும் வச்சுத் தைப்பம்."

பெனடிற்றா போனபின் அன்ரனிப்பிள்ளை நெடுநேரம் அந்தத் துணிக்கு முன்னால் இருந்தார். கேட்டதைக் கொடுத்த புனிதருக்குச் சொன்னதைச் செய்யாமல் விடக்கூடாது. அது அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன ஆள் அதைச் சுமந்துகொண்டு நிற்கும் என்பார்கள். ஆனால் வேறு ஒருத்தரும் கை வைக்கக்கூடாது என்றால் எப்படிச் செய்வது? கடை லேஸ் என்றால் எமில்டா சவப்பெட்டிக்குள்ளிருந்து எழும்பியே வந்துவிடுவார். கடைசியில், மற்றக் கையெல்லாம் வேறு கை, தன் கை அப்படியல்ல என்று தனக்குத்தானே வழக்குப் பேசித் தீர்ப்பும் சொன்னார். அந்தத் தீர்ப்பில் அவருக்கே பாதி நம்பிக்கைதான். குடைக்கம்பியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருந்தார்.

தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கடல் கொந்தளிப்பு, வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. அறுபத்தாறு வயதில் அவர் கடலுக்குப் போவதில்லை, பிறருடைய வலைகளைப் பழுதுபார்க்கிறார். அவற்றையெல்லாம் ஒரு மூலையில் போட்டுவிட்டு, நாளைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட முடிச்சு என்று கணக்கு வைத்துப் பின்னினார். தொடங்கிய பத்தாம் நாள் ஆறு முழமும் முடிந்தது. மீன்களையும் எமில்டாவின் மீனைப் பார்த்து, கண் எண்ணி நிரப்பினார். றொசிற்றா தோய்த்து, கஞ்சி போட்டு, அயன் பண்ணி, மேசையில் விரித்தாள்.

எமில்டாவின் ஒன்பது முழம் மேசையோடு மேசையாகப் படிந்து கிடந்தது. அன்ரனிப்பிள்ளையின் ஆறு முழம் படியவில்லை. அயனை எத்தனை தரம் அழுத்தினாலும் ஓரம் சுருண்டு எழும்பியது. கையால் தடவினால் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியதுபோல் முடிச்சு முடிச்சாக முட்டியது.

அன்ரனிப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முடிச்சைக் கிட்டப் பார்த்தார். பிறகு எமில்டாவின் முடிச்சு ஒன்றைப் பார்த்தார். எமில்டாவினது ஒற்றை. அவருடையது இரட்டை. நைலோன் நூல் வழுக்கும், ஒரு முடிச்சில் நிற்காது. இரண்டு போட்டு இறுக்கவேண்டும். நாற்பது வருடமாக அவர் கை அதைத்தான் செய்கிறது. பருத்திக்கு அது தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும். கை அவரைக் கேட்கவில்லை.

"பப்பா, ஆர் கிட்ட வந்து பாக்கப் போயினம்? கோயில் வாங்கில குந்தியிருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது."

"வாங்கில இருந்து பாக்கவே நாற்பது வருசம் தோய்ச்சவ?"

"அப்ப என்ன செய்யப்போறீங்கள்? இன்னும் பன்னிரண்டு நாள்தான் கிடக்கு."

அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

அடுத்த நாள் காலை அவர் வீட்டு முற்றத்து வேம்படி வாங்கில் இருந்து மிச்சத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது, ஹஃபீலா வேலி இடைவெளியால் தேத்தண்ணியோடு வந்தாள். எமில்டா போனபின் தினமும் அந்த நேரத்துக்கு ஒரு கோப்பை வரும்.

"என்னண்ணன் இது? கட்டினதெல்லாத்தையும் வெட்டுறீங்க!"

"பிழைச்சுப்போச்சு தங்கச்சி."

"அழகாத்தானே இரிந்திச்சு."

"நேர்த்தியாம். என்ன கேட்டு வச்ச நேர்த்தி எண்டு எனக்குத் தெரியாது. வேற ஒருத்தரும் கை வைக்கக்கூடாது எண்டும் சொன்னவவாம். நான் வச்சன். வச்ச உடன பழுதாக்கிப்போட்டன். அவ விருப்பமில்லாமத்தான் இப்பிடி வருதோ தெரியாது." இன்னொரு முடிச்சை வெட்டினார். "வேண்டாம் எண்டு சொல்லுறா போல."

ஹஃபீலா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அழுகிறாள் என்று நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"மன்னிச்சுக்கிங்க அண்ணன். கை வைக்கப்படாதுண்டு ஆரு சொன்ன? பெனடிற்றாக்காவா? அவக்கிட்ட அப்படித்தான் சொல்லுவா. இல்லாட்டி அடுத்த நாளே கடை லேஸைக் கொண்டாந்து தைச்சிருவாண்டு எமில்டாக்காக்குப் பயம்."

அன்ரனிப்பிள்ளை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "உனக்குத் தெரியுமா என்ன நேர்த்தி எண்டு?"

"உங்களுக்குச் சொல்லல்லியா?"

"இல்ல."

"நான் நினைச்சன் உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் எனக்குச் சொல்றாண்டு." ஹஃபீலா கோப்பையை வாங்கின் நுனியில் வைத்துவிட்டு மணலில் இருந்தாள். "டொக்டர் உங்களையும் மகளையும் கூப்பிட்டுப் பேசினாரே. அது அவக்குத் தெரியும். நேர்ஸ்மார் கதைச்சது காதுல விழுந்திருக்கு. அண்டைக்குத்தான் அந்தோனியார்ட்ட கேட்டாவாம். கிடந்து இழுக்காம, ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காம, நித்திரை போல போகோணும் எண்டு. அதுக்குத்தான் இந்த விளிம்பு."

காற்று வேம்பிலிருந்து காய்ந்த இலைகளை அன்ரனிப்பிள்ளையின் மடியிலிருந்த நூலில் கொண்டுவந்து போட்டது. நாலு மாதமாக எமில்டா வாய் திறக்கப் போனதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது. "நான் இல்லாட்டி..." என்று தொடங்குவார். அந்தச் சொல்லைக் கேட்ட உடனே இவர் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விடுவார். சாவுக் கதை வீட்டுக்குள் வேண்டாம் என்பார். ஒரு தரமாவது இருந்து கேட்டிருந்தால் இந்தக் கதையை வேலிக்கு அந்தப்பக்கம் போய்ச் சொல்லவேண்டி வந்திராது.

"நான் அவவுக்கு ஏசினன்" என்றாள் ஹஃபீலா. "'விசரா உங்களுக்கு? நீங்க கேட்டது கிடைச்சா நீங்க இருக்கமாட்டீங்களே, பிறகு நேர்த்திய ஆரு முடிக்கிற?' எண்டு கேட்டன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன?"

"'அதுக்குத்தானேடி வலைக்காரனைக் கட்டியிருக்கிறன்' எண்டா. 'பாதியில விட்டாலும் அந்தாள் முடிச்சுப்போடும். முதல் தரம் நைலோனுக்குப் போடுற மாதிரி ரெண்டு முடிச்சுப் போட்டுப் பழுதாக்கும். பிறகு தானே பாத்து வெட்டித் திருத்தும். ஒருத்தரும் சொல்லத் தேவையில்ல' எண்டா."

அன்ரனிப்பிள்ளை மடியில் கிடந்த இரட்டை முடிச்சுகளைப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தார். செத்த வீட்டுக்குப் பிறகு முதல் தரம் அந்த முற்றத்தில் சிரிப்புக் கேட்டு, றொசிற்றா குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். தகப்பனின் கண்ணால் தண்ணி வழிந்துகொண்டிருந்தது.

"பப்பா! என்ன?"

"ஒண்டுமில்ல மகள். உன்ர அம்மா என்னை நல்லா அறிஞ்சு வச்சிருந்திருக்கிறா." முகத்தைச் சாரத்து நுனியால் துடைத்துக்கொண்டு, "கேட்டது கிடைச்சிட்டுது. கிடைச்சதை நான் பக்கத்தில நிண்டு கண்டனான்" என்றார். அடக்கத்தன்று வெட்கப்பட்டு ஒளித்த அந்த ஆறுதலை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்.

பிறகு வேலைதான். பயம் போய்விட்டது, கை மட்டும் பழையபடி. ஒற்றை முடிச்சைப் போட்டு முடித்ததும் ஊசி தானாக இரண்டாவது வளையத்துக்குத் திரும்பும். அவர் ஒவ்வொரு முடிச்சுக்கும் "ஒண்டு" என்று சத்தமாகச் சொல்லிக் கையை நிறுத்தினார். நாள் முழுக்க ஒண்டு, ஒண்டு, ஒண்டு. வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஹஃபீலாவின் மருமகன், "மாமா, ரெண்டு எப்ப வரும்?" என்று கேட்டான். மூன்றாம் நாள் இழுப்பும் அதிகம் என்று கண்டார். நைலோனை இறுக்கும் பலத்தோடு இழுத்தால் பருத்திக் கண் சிறுக்கிறது. அன்றைய வேலையில் ஒரு முழத்தை மறுபடியும் வெட்டினார். நாலாம் நாள் வாய் ஓய்ந்தது, கை படித்துவிட்டது. மிச்சம் சீராக ஓடியது. கோயிலில் கொடி ஏறியது, நவநாள் நடந்தது. அவர் கொடியேற்றத்துக்கு மட்டும் எழும்பிப் போய் வந்தார். திருநாளுக்கு முதல்நாள் காலை கடைசி மீனின் வாலை நிரப்பினார். றொசிற்றா அதைப் பீடத்துணியோடு சேர்த்துத் தைத்து, தோய்த்து, அயன் பண்ணினாள். விரித்துவிட்டு, தகப்பனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு, வெள்ளை வேட்டி கட்டி, மடித்த பீடத்துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அன்ரனிப்பிள்ளை கோயில் சாமான் அறைக்குப் போனார். பெனடிற்றா பூச்சாடிகளுக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். மேசையில் கொழும்பு லேஸ் ஒரு பொட்டலமாகக் கிடந்தது.

"முடிஞ்சதா அண்ணை?"

"ஓம்."

"விரியுங்கோ பாப்பம்."

பெனடிற்றா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விளிம்பின் ஒரு நுனியிலிருந்து தொடங்கினார். விரலால் தடவித் தடவிப் பதினைந்து முழமும் போனார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மறுபடியும் முதலிலிருந்து வந்தார். குற்றம் கண்டுபிடிக்காமல் எமில்டாவின் வேலையை அவர் என்றைக்கும் வாங்கியதில்லை.

"இதில எமில்டா எவடத்தில விட்டவ?"

"நீங்களே சொல்லுங்கோ."

பெனடிற்றா குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒரு மீனின் வாலில் விரலை வைத்தார். "இவடம்."

அந்த மீன் அன்ரனிப்பிள்ளை போன சனிக்கிழமை செய்தது. அவர் துணியை மடிப்புக் கலையாமல் மடித்து நீட்டினார். பெனடிற்றா ஈரக் கைகள் இரண்டையும் சீலையில் துடைத்துவிட்டு, அதை வாங்கிக்கொண்டார்.